ஒரே வீட்டில் இரண்டு விதமான காது மந்தம்

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குக் காது மந்தம். ஒருவர் அப்பா, இன்னொருவர் நான். "அப்பனுக்கு இருந்தது மகளுக்கும் வந்துருச்சு" என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். வைத்தியம் சொன்னவர்களும் இரண்டு பேருக்கும் ஒரே வைத்தியத்தைத்தான் சொன்னார்கள். ஆனால் அப்பாவுக்குக் காது கெட்ட இடம் வேறு, எனக்குக் கெட்ட இடம் வேறு. எனக்குச் செய்தது அவருக்குச் செய்ய முடியாது. இது எங்களுக்கு விளங்குவதற்குள் பல வருடங்கள் போய்விட்டன. கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் தேயிலையை நம்பி வாழும் வீடுகளில் இப்படிக் காது மந்தத்தோடு காலம் தள்ளுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா கோத்தகிரிக்கு அருகே ஒரு தேயிலை ஃபேக்டரியில் சி.டி.சி. பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாடிய இலை, பல் வெட்டிய இரும்பு உருளைகளுக்கு நடுவே நசுங்கிக் கிழிந்து சுருண்டு வெளிவரும் இடம் அது. அருகிலேயே ட்ரையர் விசிறியும் சலிக்கிற மெஷினும் ஓடும். சீசனில் இலை குவிந்தால் இரவிலும் நிற்காது. அங்கே வேலை செய்கிறவர்கள் வாயசைவிலும் கைச்சைகையிலும்தான் பேசிக்கொள்வார்கள். கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருக்கிறது என்றால் அந்த இடத்தின் சத்தம் ஏறக்குறைய 85 டெசிபலைத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். அந்த அளவுச் சத்தத்தில் தினம் 8 மணி நேரம், வருடக்கணக்கில் நின்றால் காது மெல்ல மெல்லக் கெடும். அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் காது தாங்குகிற நேரம் பாதியாகிவிடும்.

சத்தம் அழிப்பது உள்காதை. அங்கே நத்தைச் சுருளாக ஒரு குழல் இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு காதிலும் ஏறக்குறைய 15,000 முடி செல்கள். ஒலியை நரம்புக்கு எடுத்துக் கொடுப்பவை இவைதான். போனால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. உயர்ந்த சுருதியை வாங்குகிற செல்கள் முதலில் போகின்றன. வயதானாலும் அவைதான் முதலில் போகும். அப்பாவுக்கு ஃபேக்டரிச் சத்தமும் வயதும் சேர்ந்துகொண்டன. பேச்சில் உயிரெழுத்துகளுக்குத் தாழ்ந்த சுருதியும் வலுவும் உண்டு. க, ச, த, ப எல்லாம் உயர்ந்த சுருதியில் மெலிதாக வந்து போகிறவை. அதனால் அவருக்குச் சட்டி, தட்டி, பட்டி எல்லாமே "அட்டி"யாகத்தான் விழுந்தது. "கேக்குதும்மா, ஆனா என்ன சொல்றேன்னு புரியல" என்பார். கவனிக்காமல் இருந்துவிட்டுச் சாக்குச் சொல்கிறார் என்று அம்மாவுக்குக் கோபம் வரும். அப்பா சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. சத்தம் அவருக்கு வந்தது, சொல்தான் வரவில்லை. முதலில் நழுவியது பேத்தியின் மெல்லிய குரல்.

என் கதை வேறு. முதல் பிரசவத்துக்குப் பிறகு, என் வீட்டுக்காரர் தாழ்ந்த குரலில் பேசினால் பிடிபடவில்லை. ஆண்களின் குரல்தான் எனக்கு முதலில் மங்கியது. முறுக்கு கடித்தால் அந்தச் சத்தம் தலைக்குள் நிரம்பும். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டதால் நான் மெதுவாகப் பேச ஆரம்பித்தேன். எல்லாவற்றையும்விட எனக்குப் புதிராக இருந்தது பஸ் பயணம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற பஸ்ஸில், எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே, பக்கத்துச் சீட்டுக்காரர் பேசுவது வீட்டில் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்டது. அப்பாவுக்கு நேர்மாறு. கல்யாண வீட்டுக் கூட்டத்தில் அவருக்கு ஒரு சொல்கூடத் தேறாது. பஸ்ஸில் எல்லோரும் இயல்பாகவே குரலை உயர்த்திப் பேசுகிறார்கள், இரைச்சலோ என் காதுக்குள் அவ்வளவாக ஏறுவதில்லை, அதனால்தான் அப்படி என்று பின்னால் டாக்டர் விளக்கினார். "பஸ்ஸில் நன்றாகக் கேட்கிறதா?" என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று. வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நோயைக் கண்டுபிடிக்க அது ஒரு நல்ல தடயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உள்காது கெட்டவருக்குத் தன் குரலே சரியாகக் கேட்காது, அதனால் உரக்கப் பேசுவார். அப்பாவின் பேச்சு எங்கள் வீட்டில் மற்றவர்களுக்குத் தலைவலி, எனக்கு அதுதான் ஆறுதல். அவர் ஒருவர் பேசுவதுதான் எனக்கு முழுசாகக் கேட்டது. என் குறை வீட்டில் வெகுநாள் தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் நான் மெதுவாகப் பேசுவது அவருக்கு எட்டாது. "ஏம்மா முனகுற?" என்று கேட்டுக் கேட்டு, பிறகு கேட்பதையே விட்டுவிட்டார். அந்த வருடங்களில் எங்களுக்குள் பேச்சு குறைந்துபோனதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

இதற்கிடையில் எத்தனையோ வைத்தியங்கள் வந்தன. பூண்டு காய்ச்சிய எண்ணெயை விடச் சொன்னார்கள். தீக்குச்சியால் குடைந்து அழுக்கெடுக்கச் சொன்னார்கள். இரண்டும் வேண்டாம் என்று இன்று எல்லோரிடமும் சொல்கிறேன். செவிப்பறையில் ஓட்டை இருந்து எண்ணெய் உள்ளே போனால் சீழ் பிடிக்கும். குச்சியும் பட்ஸும் குரும்பியை இன்னும் உள்ளே தள்ளும். வெறும் குரும்பி அடைப்பால் மந்தமானவர்களும் உண்டு, ஆனால் டாக்டர் உள்ளே பார்த்து அதைச் சொல்ல வேண்டும். என் தம்பி அப்பாவுக்கு ஒரு காது மெஷின் வாங்கி வந்தான். சோதனை எதுவும் இல்லாமல் விற்கிற, எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகக் கூட்டுகிற சாதனம். பாத்திரம் விழுந்த சத்தத்தில் அப்பா துடித்துப்போனார். உள்காது கெட்டவருக்கு மெல்லிய சத்தம் கேட்காது, பெரிய சத்தமோ வழக்கம்போலப் பெரிதாகவே விழும். நடுவில் தாங்கக்கூடிய இடைவெளி குறுகிவிடுகிறது. "சத்தமாப் பேசு" என்றவரே அடுத்த நிமிடம் "ஏன் கத்துற?" என்பது இதனால்தான். அந்த மெஷின் அலமாரிக்குப் போனது. "மெஷினெல்லாம் நமக்கு ஒத்து வராது" என்ற முடிவு மட்டும் அவர் மனசில் தங்கிவிட்டது. விலையைவிடப் பெரிய நஷ்டம் அதுதான்.

கடைசியில் இருவரும் ஒன்றாகவே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். அவர் ஓர் இசைக்கவையைத் தட்டி, முதலில் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் வைத்தார், பிறகு காதுத் துளைக்கு நேரே பிடித்தார். எலும்பில் வைத்தபோது எனக்கு நன்றாகக் கேட்டது, காதருகே வந்ததும் மறைந்தது. அப்பாவுக்கு அப்படியே தலைகீழ், காதருகேதான் கூடுதலாகக் கேட்டது. மின்சாரமே இல்லாத அந்தச் சின்னக் கருவி ஒரு நிமிடத்தில் எங்கள் இருவரையும் பிரித்துக் காட்டியது. காதருகே கேட்பதைவிட எலும்பு வழியாக நன்றாகக் கேட்கிறது என்றால் உள்காதும் நரம்பும் நன்றாக இருக்கின்றன, ஒலி போகிற பாதையில்தான் கோளாறு.

அடுத்து ஆடியோகிராம். சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று பார்ப்பார்கள். அந்தத் தாளை வாங்கிப் பத்திரமாக வையுங்கள், படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். சிவப்பு வலது காது, நீலம் இடது காது. கோடு கீழே இறங்க இறங்க மந்தம் அதிகம். ஹெட்ஃபோன் வழியாக எடுத்தது ஒரு கோடு, காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து எடுத்தது இன்னொன்று. என் தாளில் எலும்புக் கோடு மேலேயே இருந்தது, ஹெட்ஃபோன் கோடு கீழே கிடந்தது. அந்த இடைவெளிதான் எனக்கு அறுவை சிகிச்சை செய்யலாம் என்ற நம்பிக்கையைக் கொடுத்தது. அப்பாவுக்கு இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டே 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் சரிந்து இறங்கின. சத்தத்தில் வேலை செய்தவர்களுக்கு அந்த இடத்தில்தான் முதலில் பள்ளம் விழும்.

சோதனைக்குப் போகிற மலைக்காரர்கள் இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஷிஃப்ட் முடிந்த கையோடு போகக் கூடாது. சத்தத்தில் நின்ற காது சில மணி நேரம் தற்காலிகமாக மந்தமாக இருக்கும், கணக்கு தவறாக வரும். முந்தின நாளிலிருந்தே காதுக்கு ஓய்வு கொடுங்கள். இரண்டாவது, சளி பிடித்திருக்கும்போது கீழே போகாதீர்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் இறக்கம். மூக்கடைப்பு இருந்தால் காது அடைத்துக்கொண்டு எளிதில் திறக்காது. அந்த அடைப்பும் சோதனையில் மந்தமாகவே பதியும். சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்கிற சோதனை உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் நடக்கட்டும் என்று கேளுங்கள். தெரியாத மொழிச் சொல்லை யாராலும் சரியாகத் திருப்பிச் சொல்ல முடியாது.

நீலகிரிக்காரர்களுக்குக் கோயம்புத்தூர் ஒரு வழி, மைசூர் இன்னொரு வழி. 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் மைசூர் மானசகங்கோத்ரியில் இருக்கிறது. கூடலூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அதுதான் கிட்டே. பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டிகளுக்குத் தடை உண்டு, அதைக் கணக்கில் வைத்துக் கிளம்ப வேண்டும். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு முதல் பரிசோதனைக்கு மலையை விட்டே இறங்க வேண்டியதில்லை.

எனக்கு வந்ததன் பெயர் ஓட்டோஸ்கிளிரோசிஸ். செவிப்பறைக்குப் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று சின்ன எலும்புகள் உண்டு. அங்கவடி உடம்பிலேயே சிறிய எலும்பு, சுமார் 3 மில்லிமீட்டர்தான். அதன் அடித்தட்டைச் சுற்றித் தேவையில்லாத எலும்பு வளர்ந்து அதை அசையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. கீலில் துருப்பிடித்த கதவு மாதிரி. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும், இளவயதிலும் நடுவயதிலும் தொடங்கும், குடும்பத்தில் தொடர்வதும் உண்டு. டாக்டர் எனக்கு இரண்டு வழி சொன்னார். காது மெஷின் போட்டுக்கொள்ளலாம், உள்காது நன்றாக இருப்பதால் எனக்கு அது நன்றாகவே உதவும். இல்லாவிட்டால் அறுவை சிகிச்சை. பத்தில் ஒன்பது பேருக்கு நல்ல பலன் கிடைக்கிறது, நூற்றில் ஒருவருக்கு அந்தக் காது முழுதாகவே போய்விடும் ஆபத்தும் உண்டு என்று மறைக்காமல் சொன்னார். அப்படிச் சொல்கிற டாக்டரை நம்பலாம் என்பது என் எண்ணம். மோசமான காதில் முதலில் செய்துகொள்ளச் சம்மதித்தேன். ஒரே நாளில் இரண்டு காதிலும் செய்வதில்லை.

காதை மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்தார்கள். வெளியே வெட்டு இல்லை, காதுத் துளை வழியாகவே செவிப்பறையைத் தூக்கி, அங்கவடியின் மேல்பகுதியை எடுத்துவிட்டு, அடித்தட்டில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை போட்டு, அங்கவடியின் வேலையைச் செய்ய டெஃப்ளான் பிஸ்டன் ஒன்றை மாட்டுகிறார்கள். பிஸ்டன் உட்கார்ந்ததும் டாக்டர், "இப்ப கேக்குதாம்மா?" என்றார். கேட்டது. அவர் கேள்வி மட்டுமில்லை, தட்டில் கத்தரிக்கோல் வைக்கிற சத்தமும் கேட்டது. படுத்தபடியே அழுதேன்.

அதன் பிறகு காதில் பஞ்சு அடைத்துவிடுவதால் மறுபடி மந்தமாகிவிடும், அதற்குப் பயப்பட வேண்டாம். சில நாள் தலை சுற்றியது. நாக்கின் ஒரு பக்கம் ருசி மாறி, உலோகத்தை நக்கினதுபோல இருந்தது. ருசி நரம்பு ஒன்று நடுக்காதைக் கடந்து போவதால் அப்படி என்றார்கள், மெல்லச் சரியானது. மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், பாரம் தூக்கக் கூடாது. நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியமான விஷயம் மலையேற்றம். காற்றழுத்தம் சட்டென்று மாறுவது புதிதாக மாட்டிய பிஸ்டனுக்கு நல்லதில்லை. டாக்டர் அனுமதிக்கும் வரை நான் மேட்டுப்பாளையத்தில் சின்னம்மா வீட்டிலேயே தங்கினேன். வீடு மலைமேல் இருக்கிறது என்பதை அறுவைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி, எப்போது ஏறலாம் என்று கேட்டு, கீழே தங்க இடம் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் விசாரித்துவிடுங்கள். எந்தப் பிஸ்டன் வைத்தார்கள் என்ற சீட்டைத் தொலைக்காதீர்கள். பின்னால் எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் கேட்பார்கள்.

அப்பாவுக்கு அறுவை கிடையாது. போன முடி செல்லைத் திருப்பித் தர மருந்தும் இல்லை. இரண்டு காதுக்கும் டிஜிட்டல் மெஷின், அவருடைய ஆடியோகிராமுக்கு ஏற்ப சுருதி சுருதியாகச் சரி செய்து கொடுத்தார்கள். "ஒண்ணு போதும், எதுக்கு ரெண்டு?" என்றார். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிய இரண்டு காதும் வேண்டும். எங்கள் ஊரில் சாயங்காலம் தேயிலைத் தோட்டத்துக்குள் காட்டெருமை நிற்கும், சில நாள் கரடியும் வரும். சருகு மிதிபடுகிற சத்தம் இடமா வலமா என்று தெரியாமல் நடப்பது உயிருக்கே ஆபத்து. அதைச் சொன்னதும் அப்பா மறுபேச்சுப் பேசவில்லை.

முதல் சில வாரங்கள் கஷ்டம்தான். குக்கர் விசில், குழாய்த் தண்ணீர், செய்தித்தாள் மடிக்கிற சரசரப்பு எல்லாமே அவருக்கு எரிச்சலாக இருந்தது. பல வருடம் அந்தச் சத்தங்களே வராத மூளை, அவற்றை ஒதுக்கிவைக்க மறுபடி பழக வேண்டும். முதலில் வீட்டில், ஒருவரோடு மட்டும் பேசும்போது சில மணி நேரம் போடட்டும். பிறகு டிவி, பிறகு கடைத்தெரு, கடைசியாகத்தான் கல்யாண வீடு. என்னென்ன சத்தம் தொந்தரவு என்று குறித்துக்கொண்டு மறுபடி போனால் அளவைச் சரி செய்து தருவார்கள். இந்த இரண்டாவது மூன்றாவது நடையைத் தவிர்ப்பவர்களின் மெஷின்தான் டப்பாவில் தூங்குகிறது.

மலையில் மெஷினுக்கென்றே சில தொல்லைகள் உண்டு. கம்பளிக் குல்லாவையும் மப்ளரையும் காதுமேல் இறுக்கிச் சுற்றினால் மெஷின் கீச்சென்று விசிலடிக்கும், கம்பளி உரசுவதும் பெரிதாகக் கேட்கும். அம்மா குல்லாவைக் கொஞ்சம் தளர்வாகப் பின்னிக் கொடுத்தாள். பனிமூட்டத்திலிருந்து அடுப்படிச் சூட்டுக்குள் வந்தால் மெஷினின் குழாயில் நீர் பூக்கும். தினம் இரவு பேட்டரி மூடியைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கிறோம். அடுப்பருகே உலர்த்தக் கூடாது. பொத்தான் பேட்டரியில் ஒட்டியிருக்கும் வண்ணத் தாளைக் கிழித்ததும் அது வேலை செய்யத் தொடங்கிவிடும், ஆகவே போடுவதற்குச் சற்று முன்புதான் கிழிக்க வேண்டும். கிழித்து ஓரிரு நிமிடம் காற்றுப்பட வைத்துப் போட்டால் நன்றாக உழைக்கும். கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. மண் சரிந்து பாதை மூடினால் கீழே போக முடியாது, அதனால் கூடுதல் பேட்டரி எப்போதும் கையிருப்பில் இருக்கும்.

மெஷினும் அறுவையும் பாதி வேலையைத்தான் செய்கின்றன, மீதி வீட்டில் இருப்பவர்கள் கையில். அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டுப் பேசுவதை நாங்கள் நிறுத்திவிட்டோம். முதலில் "அப்பா" என்று கூப்பிட்டு, அவர் திரும்பிய பிறகுதான் விஷயத்தைச் சொல்கிறோம். மேகம் இறங்கினால் எங்கள் வீடு பகலிலேயே இருண்டுவிடும், லைட்டைப் போட்டுவிட்டுப் பேசுகிறோம், உதடு தெரிய வேண்டுமே. புரியவில்லை என்றால் அதே சொல்லைக் கத்தாமல் வேறு சொல்லில் சொல்கிறோம். "சட்டி" விளங்காவிட்டால் "குழம்பு வெச்ச பாத்திரம்". பேத்தி இதை எல்லோரையும்விட நன்றாகக் கற்றுக்கொண்டாள்.

இரவில் அப்பாவுக்குக் காதில் ரீங்காரம் உண்டு. சமவெளியில் மின்விசிறி ஓடுகிற சத்தத்தில் அது மறையும், மலை வீட்டில் விசிறி ஏது? நிசப்தத்தில் ரீங்காரம் பெரிதாகிறது. ரேடியோவை மிகக் குறைவாக வைத்துவிட்டுப் படுக்கிறார், தூக்கம் வருகிறது.

ஒரே நாளில், அல்லது தூங்கி எழும்போது, ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அது அவசரம். சளி அடைப்பு என்று நினைத்துக் காத்திருக்காமல் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். உள்காது பாதிப்பாக இருந்தால் ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாட்களிலேயே தொடங்கினால்தான் பலன் அதிகம். இரண்டு காதிலும் 60 டெசிபலோ அதற்கு மேலோ இழப்பு இருந்தால் 2016ஆம் வருடச் சட்டப்படி மாற்றுத்திறனாளி. சான்றிதழுக்கும் இலவசக் காதொலிக் கருவிக்கும் ஊட்டியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

இப்போது அப்பா பார்த்த வேலையில் இருக்கும் பையன்களிடம் ஒன்று சொல்கிறேன். காதில் பஞ்சு வைத்தால் பாதுகாப்பு இல்லை. நுரை இயர்பிளக்கை விரல்களால் மெல்லிசாக உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலே பின்னால் இழுத்து, உள்ளே செருகி, அது விரியும் வரை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சரியாக உட்கார்ந்தால் உங்கள் குரலே உங்களுக்குக் கனமாகக் கேட்கும். அழுக்குக் கையால் உருட்டாதீர்கள், அழுக்கான பிளக்கை மாற்றிவிடுங்கள். வேலைக்குச் சேரும்போதே ஓர் ஆடியோகிராம் எடுத்து, வருடத்துக்கு ஒரு முறை புதியதை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 4,000 ஹெர்ட்ஸில் கோடு இறங்கத் தொடங்கினால், பேச்சு இன்னும் நன்றாகக் கேட்கும் நிலையிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.